வாழ்த்து அட்டைகளை எதில் மாட்டுவது? கயிறு, ரிப்பன், பலகை, கிளை, மடிப்புத் திரை: ஓர் ஒப்பீடு

பண்டிகைக்கு வந்த வாழ்த்து அட்டைகளை அலமாரியில் வரிசையாக நிறுத்தி வைப்போம். யாராவது கதவை வேகமாகத் திறந்தால் போதும், ஓர அட்டை சாய்ந்து மற்றவற்றையும் சாய்த்துவிடும். இரண்டு மூன்று முறை எடுத்து நிறுத்திப் பார்த்துவிட்டு, அப்புறம் எல்லாவற்றையும் அடுக்கி ஒரு கவருக்குள் போட்டுவிடுவோம். அனுப்பியவர் கைப்பட எழுதிய நாலு வரி அத்தோடு மறைந்துவிடும்.

இதற்குத் தீர்வாக வீட்டிலேயே ஒரு மாட்டி செய்யலாம் என்று தேடினால் வழிகள் ஏராளம். கயிறு கட்டலாம், ரிப்பன் தொங்கவிடலாம், துணி போர்த்திய பலகை செய்யலாம், காய்ந்த கிளையில் தொங்கவிடலாம், மடிப்புத் திரை செய்யலாம். எதைச் செய்வது என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நான் ஐந்தையும் செய்து பார்த்திருக்கிறேன். ஐந்துமே கண்ணுக்கு அழகுதான். ஆனால் எல்லா வீட்டுக்கும் எல்லாம் பொருந்தாது.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்

எத்தனை அட்டைகள், என்ன அளவு? போன ஆண்டு வந்தவற்றை எண்ணிப் பாருங்கள். பரவலாகக் கிடைக்கும் ஓர் அளவு ஏ6, அதாவது 10.5 செ.மீ. அகலம், 14.8 செ.மீ. உயரம். ஏ5 தாளைப் பாதியாக மடித்தால் இது வரும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாளில் செய்த இத்தகைய அட்டை ஒன்று சுமார் 9 கிராம் இருக்கும். இருபது அட்டைகள் சேர்ந்தாலும் 200 கிராமைத் தாண்டாது. எனவே எடையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பாசி, பட்டன், கனமான அலங்காரம் எல்லாம் ஒட்டிய கைவேலை அட்டைகள் மட்டும் விலக்கு.

எந்தப் பக்கம் மடித்தது? இதை யாரும் யோசிப்பதில்லை. சில அட்டைகள் புத்தகம் போல இடப்பக்கம் மடித்திருக்கும். சில, மேல்பக்கம் மடித்து, மூடி போலத் தூக்கித் திறப்பவை. கயிற்றின் மேல் அப்படியே போடுவதற்கு மேல்மடிப்பு அட்டைதான் ஒத்துவரும். புத்தக மடிப்பு அட்டையைப் போட்டால் படம் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும்.

உள்ளே இருப்பதைப் படிக்க முடியுமா? என் கணக்கில் இதுதான் முதல் கேள்வி. முன்பக்கப் படம் அச்சகத்தில் வந்தது, ஆயிரம் பேருக்குப் போயிருக்கும். உங்களுக்கென்று வந்தது உள்பக்கத்துக் கையெழுத்து மட்டும்தான். மாட்டியபடியே விரலால் திறந்து படிக்க முடியாத மாட்டி, பாதி வேலையைத்தான் செய்கிறது.

அட்டைக்கும் சுவருக்கும் என்ன ஆகும்? ஓட்டை, துரு, பசைக்கறை, பெயின்ட் உரிதல் ஆகியவை மாட்டும் நாளில் தெரியாது, கழற்றும் நாளில்தான் தெரியும்.

பண்டிகை முடிந்த பிறகு? மாட்டியை எங்கே வைப்பது, அட்டைகளை எங்கே வைப்பது என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

## கயிறும் கிளிப்பும்

பெரும்பாலோர் முதலில் நினைப்பது இதைத்தான், அதில் நியாயமும் இருக்கிறது. சணல் கயிறு, சின்ன மரக் கிளிப்புகள், இரண்டு முனைகளைக் கட்ட இடம், அரை மணி நேரம் இருந்தால் வேலை முடிந்துவிடும். 2 மீட்டர் கயிற்றில், அட்டைக்கு அட்டை 3 செ.மீ. இடைவெளி விட்டால், நிமிர்ந்து தொங்கும் ஏ6 அட்டைகள் 14 பிடிக்கும். தாமதமாக வரும் அட்டைக்கும் இடம் உண்டு, மற்றவற்றைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுவது. நேர்கோடாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் தொய்வு குறையக் குறைய முனைகளில் இழுப்பு ஏறும். 2 மீட்டர் கயிற்றில் மொத்தம் 200 கிராம் அட்டைகள் சமமாகத் தொங்குவதாக வைத்துக்கொள்வோம். நடுவில் 20 செ.மீ. தொய்வு விட்டால் ஒவ்வொரு முனையிலும் பக்கவாட்டு இழுப்பு சுமார் 250 கிராம். 10 செ.மீ. விட்டால் 500 கிராம். 5 செ.மீ. மட்டும் விட்டால் ஒரு கிலோ. அட்டைகள் அதே அட்டைகள்தான், இழுப்பு மட்டும் நாலு மடங்கு. சுவரில் டேப் போட்டு ஒட்டிய கயிறு நடுராத்திரியில் சடசடவென்று விழுவது பெரும்பாலும் இதனால்தான். நல்ல வளைவாகத் தொங்கவிடுங்கள், பார்வைக்கும் அதுதான் அழகு.

முனைகளைக் கட்ட ஏற்கெனவே இருக்கும் ஆணி, ஜன்னல் கம்பி, திரைச்சீலைக் கம்பி கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். டேப்தான் வழி என்றால், அதைக் கயிறு இழுக்கும் திசையிலேயே நீளமாக ஒட்டுங்கள். சுவரோடு ஒட்டி இழுக்கும் இழுப்பை டேப் தாங்கும். ஓரத்தைத் தூக்கிப் பிரிக்கும் இழுப்பைத்தான் தாங்காது. மாஸ்கிங் டேப்பை வாரக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். வெயில் படும் சுவரில் பசை இறுகிவிடும், உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வரும்.

அடுத்தது கிளிப் மாட்டும் விதம். வழக்கமாக அட்டையின் இரண்டு இதழையும் சேர்த்துக் கவ்விவிடுவோம். அப்படிச் செய்தால் அட்டை திறக்காது. புத்தக மடிப்பு அட்டை என்றால், பின் இதழை மட்டும், மடிப்புக்குப் பக்கத்தில், கிளிப்பால் கவ்வுங்கள். முன் இதழ் கதவு போலச் சுதந்திரமாக இருக்கும். வருகிறவர்கள் நின்று, விரலால் திறந்து, படித்துவிட்டுப் போவார்கள். மேல்மடிப்பு அட்டையைக் கயிற்றின் மேல் போட்டு, நகராமலிருக்க ஒரு கிளிப் வைத்தால் போதும். வழவழப்பான நைலான் நூலில் அட்டைகள் எல்லாம் வழுக்கிக்கொண்டு நடுவில் வந்து சேர்ந்துவிடும். சணலின் சொரசொரப்பு அதைத் தடுக்கும். சணலைத் தவிர நான் வேறு எதையும் சொல்லாததற்கு அதுதான் காரணம்.

மறைமுகச் செலவு: 3 செ.மீ. கிளிப்புகளில் ஸ்பிரிங் பலவீனமாக இருக்கும். அலங்காரம் ஒட்டிய தடித்த அட்டைக்குப் பெரிய துணி கிளிப்தான் தாங்கும், எனவே இரண்டு அளவிலும் வாங்க வேண்டியிருக்கும். ஈரக்காற்று உள்ள இடத்தில் ஸ்பிரிங் துருப்பிடித்து அட்டையில் பழுப்புப் புள்ளி வைக்கும், மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். மின்விசிறிக்கு நேரே கட்டினால் அட்டைகள் நாள் முழுக்கப் படபடக்கும்.

எப்போது இதுவே சரி: பத்துக்கு மேல் அட்டைகள் வரும், நேரம் இல்லை, கயிறு கட்ட இரண்டு முனைகள் ஏற்கெனவே இருக்கின்றன என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

## கதவில் தொங்கும் ரிப்பன்

சுவரில் கைவைக்கவே முடியாதவர்களுக்கு இது நல்ல வழி. 4 செ.மீ. அகல ரிப்பனைக் கதவின் மேல் விளிம்பு வழியாகப் பின்பக்கம் கொண்டுபோய் அங்கே ஒட்டிவிடலாம். ரிப்பன் மெல்லியது என்பதால் கதவு பெரும்பாலும் தடையில்லாமல் மூடும், ஒரு முறை மூடிப் பார்த்துக்கொள்ளுங்கள். 1.5 மீட்டர் நீளத்தில் 8 அட்டைகள் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும். மூன்று ரிப்பன் என்றால் 24.

இதில் கவனிக்க வேண்டியது அட்டையை ரிப்பனில் எப்படிப் பிடிப்பது என்பது. பலர் ஸ்டேப்ளர் அடிக்கிறார்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். நானும் ஒரு முறை அடித்தேன். என் பெரியம்மா அட்டையில் எழுதத் தொடங்கினால் இடம் போதாது. கடைசி வரி பக்கத்து ஓரத்தில் மேலேறி, மேல் விளிம்பில் திரும்பி, தலைகீழாக முடியும். கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். ஸ்டேப்ளர் பின் சரியாக அந்த இடத்தில் இறங்கியிருந்தது. கழற்றியபோது நாலு ஓட்டை, ஓட்டையைச் சுற்றித் துருக்கறை, பெயரில் ஓர் எழுத்தே போய்விட்டது. அந்த அட்டையை இன்றும் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு அட்டையைத் துளைக்கும் எதையும் நான் பயன்படுத்துவதில்லை.

அதற்கு மாற்று: ரிப்பனில் 18 செ.மீ.க்கு ஒரு சின்னக் கிளிப்பை முன்கூட்டியே நாலு தையல் போட்டுத் தைத்துவிடுங்கள், கிளிப்பின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். ஒரு ரிப்பனுக்கு அரை மணி நேரம் ஆகும். ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளில் சுருட்டி வைத்ததைப் பிரித்துத் தொங்கவிடுவது மட்டும்தான் வேலை. ரிப்பனின் நுனியைச் சாய்வாக வெட்டினால் நூல் பிரிவது குறையும். பாலியஸ்டர் ரிப்பன் என்றால் நுனியை மெழுகுவத்திச் சுடருக்குப் பக்கத்தில் ஒரு நொடி காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தி ரிப்பனில் இதைச் செய்யக்கூடாது, அது தீப்பிடிக்கும்.

கதவு அடிக்கடி திறந்து மூடும் அறை என்றால் அட்டைகள் ஆடிக்கொண்டே இருக்கும், ஒன்றிரண்டு விழும். அதிகம் புழங்காத கதவைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று: கீழே இருக்கும் அட்டைகள் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டும். இதைக் குறையாக நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு வந்த அட்டைகளை அங்கேயே மாட்டுங்கள், ஆசைதீரத் திறந்து பார்க்கட்டும்.

எப்போது இதுவே சரி: சுவர் இல்லை, அல்லது சுவரில் எதுவும் ஒட்டக்கூடாது. கதவோ பீரோவோ இருக்கிறது.

## துணி போர்த்திய பலகை

கைவேலையில் ஆசை உள்ளவர்கள் இதில்தான் மயங்குவார்கள். துணி போர்த்திய பலகையின் மேல் ரிப்பன்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், அட்டைகளை அவற்றுக்குள் செருகிவிடலாம். கிளிப், பின், ஓட்டை எதுவும் வேண்டாம்.

செய்வது கடினமில்லை, ஆனால் பொறுமை வேண்டும். பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, 40 × 60 செ.மீ. அளவில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். கார்ட்போர்டின் உள்ளே அலை அலையாக வரிகள் ஓடுமே, ஒரு துண்டில் அந்த வரிகள் நீளவாக்கில், இன்னொன்றில் அகலவாக்கில் இருக்க வேண்டும். அப்படி ஒட்டினால் பலகை வளையாது. ஒரே திசையில் ஒட்டினால் வில் மாதிரி வளைந்துவிடும், நான் முதலில் செய்த பலகை அப்படித்தான் ஆனது. வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

அதன் மேல் பழைய துவாலை ஒரு மடிப்பு, அதற்கு மேல் துணி. துணியை நாலு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள். முதலில் நாலு பக்கங்களின் நடுவை இழுத்துப் பின்னால் ஒட்டி, அப்புறம் மூலைகளுக்கு வாருங்கள். மூலையிலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் விழும்.

ரிப்பன் கணக்கில்தான் பலர் ஏமாறுவார்கள். பலகைதான் சின்னதாயிற்றே, 2 மீட்டர் போதும் என்று தோன்றும். 10 செ.மீ. இடைவெளியில் சாய்வாக இரு திசையிலும் ஓட்டினால், பின்னால் மடிக்கும் நுனிகளையும் சேர்த்துச் சுமார் 6 மீட்டர் வேண்டும். குறுக்கே சந்திக்கும் இடங்களில் ஒரு தையலோ பட்டனோ போட்டால்தான் பிடிப்பு இருக்கும், அதற்கு இன்னொரு மாலை நேரம் போகும்.

இவ்வளவு செய்தும், ஒன்றை ஒன்று மறைக்காமல் வைத்தால் 12 அட்டைகளுக்கு மேல் அடங்காது. தடித்த அட்டைகளைச் செருகச் செருக ரிப்பன் தளரும், பிறகு மெல்லிய அட்டைகள் நழுவும். திறந்து படிப்பதும் இதில் சுலபமில்லை, ரிப்பன் முன் இதழை அழுத்திப் பிடித்திருக்கும். எடுத்துப் படித்துவிட்டுத் திரும்பச் செருக வேண்டியதுதான்.

அப்படியானால் எதற்கு இது? பண்டிகை முடிந்ததும் கழற்ற வேண்டியதில்லை என்பதற்காக. அட்டைகள் போனதும் அதே பலகையில் புகைப்படம், பிள்ளைகளின் ஓவியம், ரசீது என்று ஆண்டு முழுக்க வைக்கலாம். பண்டிகைக்கு மட்டும் என்று நினைத்துச் செய்தால் உழைப்புக்கு ஏற்ற பலன் கிடைக்காது.

எப்போது இதுவே சரி: வரும் அட்டைகள் பத்துப் பன்னிரண்டுதான், பலகைக்கு நிரந்தரமாக ஓர் இடம் இருக்கிறது, செய்யும் வேலையிலேயே உங்களுக்குச் சந்தோஷம் இருக்கிறது.

## ஜாடியில் நட்ட கிளை

ஐந்தில் கண்ணுக்கு மிக அழகானது இதுதான் என்பேன். 60, 70 செ.மீ. உயரமுள்ள, நாலைந்து கவடுகள் உள்ள காய்ந்த கிளையைக் கனமான ஜாடியில் வைத்து, சுற்றிலும் கூழாங்கற்களால் இறுக்குங்கள். அட்டையின் மடிப்புக்குள் ஒரு நூலை ஓட்டி, வெளியே முடிச்சுப் போட்டுக் கிளையில் தொங்கவிடுங்கள். ஓட்டை இல்லை, கிளிப் இல்லை. அட்டை லேசாகத் திறந்தபடி மெதுவாகச் சுழலும், முன்பக்கப் படமும் உள்பக்க எழுத்தும் மாறி மாறித் தெரியும்.

ஆனால் 8, 10 அட்டைக்கு மேல் தொங்கவிட்டால் ஒன்றோடொன்று மோதிக் குழப்பமாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் தொங்கவிட்டால் ஜாடி சாயும், எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றி மாட்டுங்கள். வெளியிலிருந்து எடுத்து வந்த கிளையில் பூச்சி இருக்கலாம். தூரிகையால் நன்றாகத் தேய்த்து, சில நாள் வெயிலில் காயவைத்த பிறகே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். தவழும் குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் இது வேண்டாம்.

எப்போது இதுவே சரி: குறைவான அட்டைகள், நெருங்கியவர்களிடமிருந்து மட்டும் வந்தவை, வைக்க ஒரு மேசை மூலை.

## மடிப்புத் திரை

இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. தடித்த தாளில் 13 × 18 செ.மீ. அளவில் எட்டுப் பலகங்கள் வெட்டி, ஒன்றோடொன்று துணி டேப்பால் இணைத்தால், விசிறி மடிப்பாக நிற்கும் ஒரு திரை கிடைக்கும். ஒவ்வொரு பலகத்திலும், அட்டையின் மூலைகள் வரும் இடங்களில், நாலு சாய்வான கீறல்கள் போடுங்கள். அட்டையின் பின் இதழின் மூலைகளை மட்டும் அந்தக் கீறல்களில் செருகினால் முன் இதழ் தாராளமாகத் திறக்கும். ஒரு பக்கம் 8 அட்டைகள். பின்பக்கமும் வைக்க நினைத்தால் அதற்குத் தனியாகத் தாளில் மூலைகள் செய்து ஒட்ட வேண்டும், அப்போது 16. துணி டேப் ஒட்டும்போது இரண்டு பலகங்களுக்கு நடுவே 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் அட்டைகளோடு சேர்த்து மடிக்கும்போது மூடாது.

ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போகும். கீறல் போடும் வேலை அலுப்புத் தரும். பெரிய அட்டைகள் வந்தால் பலகத்தில் அடங்காது. இவ்வளவும் இருந்தும் நான் இப்போது இதைத்தான் செய்கிறேன். பண்டிகை முடிந்ததும் கழற்றவே வேண்டாம், அப்படியே மடித்து ஒரு நாடா கட்டினால் அந்த ஆண்டின் ஆல்பம் ஆகிவிடுகிறது. முதுகில் ஆண்டை மட்டும் எழுதிப் புத்தகங்களோடு அடுக்கி வைத்துவிடலாம்.

எப்போது இதுவே சரி: அட்டைகளைத் தூக்கிப்போட உங்களுக்கு மனம் வராது என்றால்.

## ஒரே பார்வையில்

| வகை | கொள்ளும் அட்டைகள் | செய்ய ஆகும் நேரம் | திறந்து படிக்க | அட்டைக்குச் சேதம் | அடுத்த ஆண்டு |
|---|---|---|---|---|---|
| கயிறு, கிளிப் | 2 மீட்டருக்கு 14 | அரை மணி | முடியும், பின் இதழை மட்டும் கவ்வினால் | நாள்பட்டால் கிளிப் தடம், துரு | மீண்டும் கட்ட வேண்டும் |
| கதவு ரிப்பன் | ஒரு ரிப்பனுக்கு 8 | ரிப்பனுக்கு அரை மணி | முடியும் | ஸ்டேப்ளர் இல்லாவிட்டால் குறைவு | பிரித்துத் தொங்கவிடலாம் |
| துணிப் பலகை | சுமார் 12 | இரண்டு நாள், காயும் நேரம் சேர்த்து | எடுத்துத்தான் படிக்க வேண்டும் | இல்லை | ஆண்டு முழுக்கப் பயன்படும் |
| கிளை | 8 முதல் 10 | ஒரு மணி, கிளை காய்ந்திருந்தால் | நன்றாக முடியும் | இல்லை | கிளையை வைக்க இடம் வேண்டும் |
| மடிப்புத் திரை | 8, இரு பக்கமும் என்றால் 16 | ஒரு மாலை | நன்றாக முடியும் | மூலையில் லேசான தடம் | புதிதாக ஒன்று செய்ய வேண்டும் |

எதைச் செய்தாலும் நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். அச்சு மையும் பேனா மையும் வெளிறும், அதிலும் வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் அச்சிட்ட படங்கள் சீக்கிரம் மங்கும். அட்டையில் சாதாரண செல்லோ டேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி, டேப் உதிர்ந்த பிறகும் கறை தங்கிவிடும்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், இரண்டைச் சேர்த்துச் செய்யுங்கள். வருகிற எல்லா அட்டைகளையும் கயிற்றில் மாட்டுங்கள். பண்டிகை நாட்கள் கழிந்து கழற்றும்போது, உள்ளே கைப்பட எழுதியவற்றைத் தனியே பிரித்தெடுங்கள். இருபதில் எட்டு தேறும். எட்டுப் பலகம் உள்ள ஒரு மடிப்புத் திரைக்குச் சரியாக இருக்கும், அதை அவசரமில்லாமல் அடுத்த வார இறுதியில் உட்கார்ந்து செய்துகொள்ளலாம்.